கோடு எதுவரை? கணிதத்தைக் காதுக்குக் கொண்டுவந்த இலக்கணம்

கல்லூரி நாள்களில், பார்வையற்ற நண்பர் ஒருவருக்கு மாலை வேளைகளில் பாடம் வாசித்துக் காட்டுவேன். வரலாறும் தமிழும் தடையில்லாமல் ஓடும். போட்டித் தேர்வுக்காக அவர் கணிதத்தையும் எடுத்துக்கொண்டபோதுதான் சிக்கல் வந்தது. இருபடிச் சமன்பாட்டின் தீர்வுக்கான சூத்திரத்தைப் பள்ளியில் ஒப்பித்த மாதிரியே வாசித்தேன்: “எக்ஸ் ஈக்வல் டு மைனஸ் பி பிளஸ் ஆர் மைனஸ் ரூட் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி பை டூ ஏ.” பிரெயில் சட்டத்தில் குத்திக்கொண்டே வந்த அவருடைய எழுத்தாணி நின்றுவிட்டது. “பை டூ ஏ-ன்னு சொன்னியே, அந்தக் கோடு எங்கேயிருந்து எதுவரைக்கும் போகுது?” என்று கேட்டார். ரூட்டுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. விளக்கத் தெரியாமல், அவருடைய உள்ளங்கையில் என் விரலால் ஒரு நீளக் கோடு இழுத்துக் காட்டினேன்.

அவர் கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஏ-யின் மதிப்பு 1, பி-யின் மதிப்பு 6, சி-யின் மதிப்பு 8 என்று கொள்வோம். பி வர்க்கம் 36. நான்கு ஏசி 32. கழித்தால் 4, அதன் வர்க்கமூலம் 2. கோடு மேலே உள்ள அனைத்துக்கும் அடியில் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால் விடைகள் மைனஸ் 2, மைனஸ் 4. கோடு வர்க்கமூலத்துக்கு மட்டும் அடியில் இருப்பதாக எடுத்துக்கொண்டால் மைனஸ் 5, மைனஸ் 7. கோடே ரூட்டுக்குள் அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டால் முழு எண்ணே வராது. நான் வாசித்த ஒரே வரியில் இத்தனை சூத்திரங்களும் இருந்தன. அவற்றுள் சரியானது ஒன்றுதான். அது எது என்பதை என் குரல் சொல்லவில்லை.

அச்சிட்ட தாளைப் பார்ப்பவருக்கு இந்தக் குழப்பம் எழாது. கோட்டின் நீளம் தெரிகிறது, வர்க்கமூலக் குறியின் கூரை எதுவரை நீள்கிறது என்பது தெரிகிறது, எழுத்தின் தலைமேல் சின்னதாக நிற்கும் 2 தெரிகிறது. எது எதற்குள் அடங்கும் என்ற செய்தியைக் கணித அச்சு இடத்தைக் கொண்டு சொல்கிறது. பேச்சுக்கு இடம் கிடையாது, காலம் மட்டுமே உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொற்கள் வர முடியும். அப்படியானால் தாளில் பரந்து கிடக்கும் ஒரு கோவையைப் பொருள் கெடாமல் ஒற்றை வரிசையில் சொல்ல முடியுமா? கடந்த எழுபது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த நல்ல விடைகள் எல்லாம் இலக்கணத்திலிருந்து வந்தவை. அவற்றைத் தேடித் தந்தவர்களில் முதன்மையான இருவர் பார்வையற்ற அறிஞர்கள்.

எழுத்து ஒன்று, பொருள் இரண்டு

சிக்கல் கணிதத்துக்கு மட்டும் உரியதன்று. “பழைய புத்தகக் கடை” என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். பழையவை புத்தகங்களா, கடையா? பழைய புத்தகங்களை விற்கும் கடையாக இருக்கலாம், ஐம்பது ஆண்டுகளாக அதே தெருவில் இருக்கும் புத்தகக் கடையாகவும் இருக்கலாம். எழுத்தில் வேறுபாடு இல்லை. பேசும்போது “பழைய புத்தகம்” என்பதைச் சேர்த்துச் சொல்லிச் சற்று நிறுத்தினால் ஒரு பொருள், “பழைய” என்பதற்குப் பின் நிறுத்தினால் வேறு பொருள்.

தொல்காப்பியம் இதைப் புணரியலிலேயே கண்டுகொண்டது. எழுத்தில் ஒன்றுபோலவே நின்று பொருளில் வேறுபடும் புணர்ச்சிகள் இசையால் வேறுபடும் என்பது அங்குள்ள விதி. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் சான்று “செம்பொன்பதின்தொடி” என்பது. செம்பொன் என்று நிறுத்தினால் பத்துத் தொடி எடையுள்ள பொன், செம்பு என்று பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகாத இடைவெளி, பொன்னைச் செம்பாக்கிவிடும். தொடரின் உள்ளமைப்பு எழுத்தில் மறைந்துபோனாலும் குரலில் அதை மீட்க முடியும் என்ற உண்மை இந்த விதிக்குள் இருக்கிறது. கணிதத்தைக் கணினி வழியே பேசவைக்க முயன்றபோது ஆய்வாளர்கள் வந்துசேர்ந்ததும் இதே உண்மையிடம்தான்.

விதிகளிலிருந்து மரம்

1956இல் நோம் சாம்ஸ்கி, மொழியை விவரிக்க உதவும் மூன்று மாதிரிகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். மனித மொழிகளைப் பற்றிய அந்த ஆய்விலிருந்து பிறந்த முறைசார் இலக்கணம், சில ஆண்டுகளிலேயே கணினியியலின் அடித்தளங்களில் ஒன்றானது. ஜான் பேக்கஸ், பீட்டர் நார் ஆகியோர் அத்தகைய இலக்கண விதிகளைக் கொண்டே 1960இல் அல்கால் என்ற நிரல்மொழியை வரையறுத்துக் காட்டினார்கள்.

அந்த இலக்கணம் எப்படி இருக்கும் என்பதை நம் பள்ளிக் கணிதச் சொற்களைக் கொண்டே சொல்லிவிடலாம். கோவை என்பது ஓர் உறுப்பாக இருக்கலாம், அல்லது ஒரு கோவையுடன் ஓர் உறுப்பைக் கூட்டியதாக இருக்கலாம். உறுப்பு என்பது ஒரு காரணியாக இருக்கலாம், அல்லது ஓர் உறுப்பை ஒரு காரணியால் பெருக்கியதாகவோ வகுத்ததாகவோ இருக்கலாம். காரணி என்பது ஓர் எண், அல்லது ஒரு மாறி, அல்லது அடைப்புக்குறிக்குள் வைத்த ஒரு முழுக் கோவை. இலக்கணம் இவ்வளவுதான். ஆனால் கடைசி விதியைக் கவனிக்க வேண்டும். கோவையில் தொடங்கி இறங்கி வந்த நாம், காரணிக்குள் மறுபடியும் கோவையையே காண்கிறோம். மூன்றே விதிகள் எத்தனை மடிப்புள்ள கோவையையும் பிறப்பிக்கக் காரணம் இந்தச் சுழற்சிதான். முதலில் பெருக்கல், பிறகு கூட்டல் என்று நாம் மனப்பாடம் செய்த ஒழுங்கும் தனியாகச் சொல்லத் தேவையில்லாமல் இந்த அடுக்கிலேயே அமைந்துவிடுகிறது.

ஒரு கோவையை இந்த விதிகளின்படி பிரித்துக்கொண்டே போனால் கிடைப்பது ஒரு மரம். உச்சியில் முழுக் கோவை, கிளைகளில் அதன் பகுதிகள், நுனிகளில் எண்களும் மாறிகளும். நண்பருக்கு நான் வாசித்த சூத்திரத்தின் உச்சியில் இருப்பது ஒரு பின்னம். அதன் கீழே இரண்டு கிளைகள்: தொகுதி, பகுதி. தொகுதிக் கிளையின் உள்ளே வர்க்கமூலம், அதன் உள்ளே ஒரு கழித்தல். கோடு எதுவரை என்ற கேள்விக்கு மரத்தில் ஐயத்துக்கு இடமில்லாத விடை உண்டு. நுனிகளை மட்டும் இடமிருந்து வலமாகப் பறித்துக்கொண்டு வந்து நண்பரிடம் கொட்டினேன். கிளைகளைத் தரவில்லை.

ஆறு புள்ளிகளில் அடைப்புக்குறிகள்

இந்த மரத்தை விரல்நுனிக்குக் கொண்டுசென்றவர் ஏபிரகாம் நெமெத். 1918இல் நியூயார்க்கில் பார்வையில்லாமலே பிறந்தார். கணிதத்தில் பேரார்வம் இருந்தும், பார்வையற்றவருக்கு அது ஒத்துவராது என்று வழிகாட்டியவர்கள் சொன்னதால் உளவியல் படித்தார். உளவியலில் வேலை கிடைக்கவில்லை. வேலையில்லாத உளவியலாளராக இருப்பதைவிட வேலையில்லாத கணிதவியலாளராக இருந்துவிட்டுப் போகலாமே என்று அவருடைய மனைவி கேட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் கணிதத்துக்குத் திரும்பினார். டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தார். தம் தேவைக்காகத் தாமே வகுத்துக்கொண்ட கணிதப் பிரெயில் முறையை 1952இல் வெளியிட்டார். இன்றும் அது நெமெத் குறிமுறை என்றே வழங்குகிறது. 2013இல் மறைந்தார்.

பிரெயில் கட்டம் ஒன்றுக்கு ஆறு புள்ளிகள். வெற்றுக் கட்டத்தையும் சேர்த்து 64 வடிவங்கள் கிடைக்கும், அதற்குமேல் இல்லை. மேலே, கீழே, சிறியதாக, பெரியதாக என்று எழுதவும் வழியில்லை. எல்லாக் கட்டங்களும் ஒரே அளவு, ஒரே வரிசை. அதாவது பிரெயிலும் பேச்சைப் போலவே ஒற்றைத் தடத்தில் ஓடுவது. நெமெத் இதற்குக் கண்ட வழி, ஒவ்வொரு அமைப்புக்கும் தொடக்கக் குறி ஒன்றும் முடிவுக் குறி ஒன்றும் தருவது. 1, 4, 5, 6 ஆகிய புள்ளிகள் வந்தால் பின்னம் தொடங்குகிறது. 3, 4 வந்தால் அது கோடு. 3, 4, 5, 6 வந்தால் பின்னம் முடிந்தது. வர்க்கமூலம் 3, 4, 5 புள்ளிகளில் திறந்து 1, 2, 4, 5, 6 புள்ளிகளில் மூடும். 4, 5 புள்ளிகள் அடுக்குக்கு ஏற்றிவிடும், 5ஆம் புள்ளி மீண்டும் தரைக்கு இறக்கிவிடும்.

இரண்டு மடிப்புள்ள பின்னங்களுக்கு அவர் செய்த ஏற்பாடு இன்னும் நுட்பமானது. பின்னத்துக்குள் பின்னம் வந்தால், வெளியே இருக்கும் பின்னத்தின் குறிகளுக்கு முன்னால் 6ஆம் புள்ளி சேர்ந்துகொள்ளும். முதல் கட்டத்தைத் தொடும்போதே, உள்ளே இன்னொரு பின்னம் இருக்கிறது என்று விரல் தெரிந்துகொள்கிறது. கணிதத்தை வாய்விட்டு வாசிப்பவர்களுக்கும் அவர் இதே ஒழுங்கைப் பரிந்துரைத்தார். பின்னம் தொடக்கம், பின்னம் முடிவு என்பவற்றை வெளிப்படையாகச் சொல்லச் சொன்னார். வாசிப்பவருக்குப் பொருள் புரிய வேண்டியதில்லை, கண்ணில் படுவதை விதிப்படி சொன்னால் போதும், கேட்பவர் மரத்தைத் தாமே கட்டிக்கொள்வார்.

இதற்கு விலையும் உண்டு. சூத்திரம் நீண்டுவிடுகிறது. ஐந்தாறு மடிப்புள்ள கோவையில் தொடக்கம், முடிவு, தொடக்கம், முடிவு என்று கேட்டுக்கொண்டே போனால், எந்த முடிவு எந்தத் தொடக்கத்துக்கு உரியது என்பதை நினைவில் வைப்பதே பெரும் பாரமாகிவிடும். விரலுக்குத் திரும்பிப் போய்த் தொட்டுப்பார்க்கும் வாய்ப்பு உண்டு. காதுக்கு அது இல்லை.

ராமனின் மரம் பேசியது

அந்த வாய்ப்பைக் காதுக்கும் உண்டாக்கித் தந்தவர் டி.வி. ராமன். 1965இல் பிறந்தவர், புனேயில் வளர்ந்தவர். கண் நீர் அழுத்த நோயால் 14 வயதில் பார்வையை முழுவதும் இழந்தார். சகோதரரும் உதவியாளரும் பாடநூல்களை வாசித்துக் காட்ட, கணிதத்தில் பட்டம் பெற்றார். பம்பாய் ஐஐடியில் முதுநிலை முடித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1994இல் அவர் அங்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, தொழில்நுட்ப நூல்களை ஒலியாக்கும் ஒரு கணினி முறைமையைப் பற்றியது. அந்த முறைமைக்கு ஆஸ்டர் என்று பெயர். அவருக்கு வழிகாட்டிய லாப்ரடார் நாயின் பெயரும் அதுதான். கணினியியலில் அந்த ஆண்டின் சிறந்த ஆய்வேட்டுக்காக ஏசிஎம் என்ற கணினியியல் அமைப்பு தரும் விருது இதற்குக் கிடைத்தது.

ராமனின் தொடக்கப்புள்ளி எளிமையானது. கணிதவியலாளர்கள் தங்கள் கட்டுரைகளை டொனால்டு கனூத் உருவாக்கிய டெக் என்ற முறையிலும், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பிய லாடெக்கிலும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அதில் பின்னம் எழுத வேண்டுமானால், பின்னம் என்று பொருள்படும் கட்டளையைத் தட்ட வேண்டும். பிறகு தொகுதியை ஒரு நெளி அடைப்புக்குறிக்குள்ளும் பகுதியை மற்றொன்றுக்குள்ளும் தட்ட வேண்டும். அதாவது, எழுதுகிறவர் தம் கையாலேயே அமைப்பைச் சொல்லிவிடுகிறார். மையாகத் தாளில் பதியும்போதுதான் அது கோடாகவும் இடைவெளியாகவும் மாறி, கண்ணுக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. அச்சான தாளிலிருந்து தொடங்காமல் மூலக் கோப்பிலிருந்தே தொடங்கினால், தொலைந்ததைத் தேட வேண்டிய தேவையே எழாது.

ஆஸ்டர் முதலில் அந்தக் கோப்பை இலக்கணப்படி பிரித்து மரமாக்கும். இங்கே ராமனுக்கு ஓர் உண்மையான இடர் இருந்தது. எழுத்தின் மேலே வலப்பக்கம் சின்னதாக நிற்கும் குறி எப்போதும் அடுக்கு ஆகாது. 2 நின்றால் வர்க்கம். அணியின் பெயருக்கு மேல் ஆங்கில எழுத்து டி நின்றால் நிரை நிரல் மாற்று அணி. சார்பின் பெயருக்கு மேல் மைனஸ் 1 நின்றால் நேர்மாறு. டெக் கோப்பு அந்தக் குறியின் இடத்தைச் சொல்லுமே தவிர, பொருளைச் சொல்லாது. ராமன் அவசரப்பட்டு ஒரு பொருளை ஏற்றிவிடவில்லை. கூட்டல், பெருக்கல் போன்ற செயலியை முன்னால் வைத்து எழுதும் முன்னொட்டு வடிவத்தைச் சற்றுத் தளர்த்தி, மரத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் மேலொட்டு, கீழொட்டு, இடப்பக்க மேலொட்டு, இடப்பக்கக் கீழொட்டு, தலைக்குறி, அடிக்கோடு என ஆறு பண்புகளைத் தந்தார். அவற்றை எப்படிப் பேச வேண்டும் என்ற விதியைக் கேட்பவர் தம் துறைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது குரல். அச்சுக்கு எழுத்தின் அளவும் தடிப்பும் இருப்பதுபோல ஒலிக்கும் பண்புகள் உண்டு. சுருதி, வேகம், குரலின் தன்மை, ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பன போன்றவை. இவற்றைக் கட்டளைகளால் ஆள்வதற்காகவே ஒலி வடிவமைப்பு மொழி ஒன்றை அவர் படைத்தார். ஆஸ்டரில் மேலொட்டைச் சொல்லும்போது குரலின் சுருதி ஏறும், கீழொட்டைச் சொல்லும்போது இறங்கும். “அடுக்கு தொடக்கம், அடுக்கு முடிவு” என்று சொல்லத் தேவையில்லை. குரல் பழைய சுருதிக்கு வந்துவிட்டால் தரைக்கு வந்துவிட்டோம் என்று காது அறிந்துகொள்ளும். பட்டியலின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சிற்றொலி, ஒரு பகுதி முழுவதும் பின்னணியில் தொடரும் வேறோர் ஒலி என்று சொல்லில்லாமலே அமைப்பை உணர்த்தும் வழிகளையும் சேர்த்தார். இசையால் திரியும் என்று புணரியல் சொன்னது இங்கே நிரலாக எழுதப்பட்டது.

இதனினும் பெரிய பயன் வேறொன்று. தாள் அசையாது, கண்தான் அதன்மேல் விரும்பியபடி அலையும். ஒலியில் நிலைமை தலைகீழ்: ஒலி ஓடிக்கொண்டே இருக்கும், கேட்பவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஆஸ்டரிடம் மரம் இருந்ததால் கேட்பவர் அதில் ஏறி இறங்க முடிந்தது. ஒரு விசை மேலே கொண்டுபோகும், ஒன்று உள்ளே இறக்கும், வேறொன்று பக்கத்துக் கிளைக்கு நகர்த்தும். மிகச் சிக்கலான கோவை வந்தால், அதன் பெரிய பகுதிகளுக்கு ஒரு பெயரை மட்டும் இட்டு முதலில் மேலோட்டமான வடிவத்தைச் சொல்லும். பெயரிட்ட பகுதிகளைப் பிறகு ஒவ்வொன்றாக விரிக்கும். நல்ல ஆசிரியர் கரும்பலகையில் செய்வதும் இதைத்தான்.

1995இல் ராமன் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக் என்ற பேசும் மென்பொருள் இந்த எண்ணத்தைக் கணினி முழுவதற்கும் விரித்தது. திரையில் நாள்காட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் தெரியும் எழுத்தை மட்டும் வாசிக்கும் மென்பொருள், 13, 14, 15, 16 என்று ஒரு வரிசை எண்களை ஒப்பிக்கும். ஈமேக்ஸ்பீக், நாள்காட்டி நிரலுக்குள் இருக்கும் செய்தியையே எடுத்து, “செவ்வாய், ஆகஸ்ட் 15, 1995” என்று சொல்லும். எண்ணை நாளாக்குவது அது நிற்கும் நிரலும் நிரையும். கண்ணுக்கு அது தானாகத் தெரிகிறது, காதுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். பின்னாளில் கூகுளில் சேர்ந்த அவர், சார்ல்ஸ் சென்னுடன் இணைந்து, தொடுதிரைக் கைபேசிகளைக் கண்ணில்லாமல் கையாளும் வழிகளை உருவாக்கினார். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் உள்ள டாக்பேக் என்ற வசதி, 2009இல் தொடங்கிய அந்த முயற்சியில் விளைந்தது.

இணையத்திலும் இதே வழியில் படிகள் எடுத்துவைக்கப்பட்டன. கணிதக் கோவையின் அமைப்பைக் குறிக்கும் மேத்எம்எல் 1998இல் இணையத் தரமானது. ஆனால் உலாவிகள் அதை ஏற்றுக்கொள்ள நெடுநாள் தயங்கின. நெடுங்காலம் கைவிட்டிருந்த ஆதரவைக் குரோம் உலாவி 2023 தொடக்கத்தில்தான் மீண்டும் தந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ இணையப் பக்கங்களில் சூத்திரங்கள் வெறும் படங்களாகவே வெளியாயின. படமான சூத்திரத்தில் மரம் இல்லை.

படத்துக்கும் இலக்கணம் உண்டு

அப்படியானால் படங்கள் இலக்கணத்துக்கு அப்பாற்பட்டவையா? இல்லை என்று காட்டியவர்கள் சென்னைக்காரர்கள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, வாசலில் போடும் கோலத்தை முறைசார் இலக்கணத்தால் விவரிக்க முடியும் என்று 1974இல் ஒரு கட்டுரையில் காட்டினார்கள். சொற்களின் ஒற்றை வரிசைக்காக உருவான இலக்கணத்தை, நிரையும் நிரலுமாகப் பரந்த வடிவங்களுக்கு விரித்தது அவர்களுடைய பங்களிப்பு.

கம்பிக் கோலத்தை அவர்கள் பின்னர் ஆராய்ந்த விதம் நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. புள்ளிகளைச் சுற்றிக் கை எடுக்காமல் வளைந்துவரும் கோட்டை ஏழு அசைவுகளாகப் பிரித்தார்கள். நேரே செல்வது ஒன்று, வலப்புறம் திரும்புவதில் மூன்று வகை, இடப்புறம் திரும்புவதில் மூன்று வகை. இந்த ஏழு குறிகளாலான ஒரு சரமே ஒரு கோலம். கிருஷ்ணன் கொலுசு என்ற கோலத்தின் சிறிய வடிவத்திலிருந்து பெரிய வடிவங்களை மாற்றி எழுதும் விதியால் வளர்த்துக்கொண்டே போகலாம். கணினி வரைகலை ஆய்வாளர்கள் வெளிநாடுகளிலும் இதை எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் இதைப் பார்வையற்றோருக்காகச் செய்யவில்லை. என்றாலும் அணுகல்தன்மையைப் பற்றிச் சிந்திப்பவர் இதில் கற்க நிறைய உண்டு. கண்ணுக்கென்றே பிறந்ததாக நாம் நினைக்கும் ஒரு வடிவத்தை, காதால் கேட்கவும் விரலால் பின்தொடரவும் கூடிய அசைவு வரிசையாக மாற்ற முடிகிறது. “நேரே, வலம், வலம், நேரே” என்று சொல்லச் சொல்லக் கை கோலத்தைப் போட்டுவிடும். விடியற்காலை இருட்டில் வாசலில் குனியும் கை, கோலத்தை ஒரு படமாக மட்டுமா நினைவில் வைத்திருக்கிறது? அசைவுகளாகவும் வைத்திருக்கிறது.

தமிழ்த் தாள்களின் நிலை

இந்த ஆய்வுகளின் வெளிச்சத்தில் நம் தமிழ்க் கோப்புகளைப் பார்த்தால், கணிதம் வருவதற்கு முன்பே தடுக்கி விழுகிறோம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் “அம்மா” என்று தட்டச்சு செய்த கோப்பின் உள்ளே, அம்மா இல்லை. ஆங்கில எழுத்துகளான எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச் ஆகியவைதாம் இருக்கின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது. எழுத்தை ஒலியாக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். பார்க்கிறவருக்கு நல்ல தமிழ்ப் பக்கம், கேட்கிறவருக்குப் பொருளற்ற இரைச்சல்.

ஒருங்குறி (யூனிகோடு) என்ற எழுத்துக் குறிமுறை இதைச் சரிசெய்தது. “கொ” என்ற எழுத்தில் கொம்பு க-வுக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. ஒருங்குறியில் முதலில் க, பிறகு ஒகரக் குறி என்றே பதிகிறது. சுதந்திர இந்தியாவில் 1951இல் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலும் இதையே செய்கிறது: முதலில் மெய்யின் கட்டம், அடுத்து உயிரின் கட்டம். வடிவம் எங்கே நிற்கிறது என்பதை விட்டுவிட்டு, எழுத்து எப்படி அமைந்தது என்பதைப் பதிவது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகிறது என்ற நம் பழைய இலக்கணமே கண்ணில்லாத வாசகருக்கும் கணினிக்கும் பொதுவான வழியாக அமைந்தது.

சட்டமும் இப்போது துணை நிற்கிறது. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், நூல்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் மாற்ற இடம் தருகிறது. இதே நோக்கத்துக்காக 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. ஆனால் மாற்றும் உரிமை இருந்தால் போதாது. மூலக் கோப்பு கிடைக்காமல், அச்சான நூலை ஒளிவருடிப் படமாக்கித் தொடங்கினால், ஒவ்வொரு பக்கத்திலும் மரத்தை மனிதர் ஒருவர் மறுபடியும் நட வேண்டியிருக்கிறது. பதிப்பகத்தின் கணினியில் அது ஏற்கெனவே இருந்தது. பாடநூலைத் தயாரிப்பவர்கள் தலைப்பைத் தலைப்பு என்றும், அட்டவணையை அட்டவணை என்றும், பின்னத்தைப் பின்னம் என்றும் குறித்த கோப்பையே வெளியிட்டால், பாதி வேலை தீர்ந்துவிடும்.

கூட்டி, கழித்து, வகு

மீதிப் பாதி, தமிழில் கணிதத்தை எப்படிப் பேசுவது என்பது. ஆங்கிலத்துக்காக வகுத்த விதிகளைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதாது. நம் மொழிக்கென்று ஒரு வலிமை இருக்கிறது.

“டூ பிளஸ் த்ரீ பை ஃபோர்” என்ற தொடருக்கு இரண்டு பொருள் உண்டு. தமிழில் ஒரு கட்டளையாகச் சொல்லிப் பார்ப்போம். “இரண்டையும் மூன்றையும் கூட்டி, வந்ததை நான்கால் வகு.” மற்றொன்று: “மூன்றை நான்கால் வகுத்து, வந்ததை இரண்டுடன் கூட்டு.” இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. தமிழில் வினை கடைசியில் வருகிறது. எதன்மேல் என்ன செய்கிறோம் என்பதை வேற்றுமை உருபுகள் காட்டிவிடுகின்றன. “கூட்டி”, “வகுத்து” என்ற வினையெச்சங்கள் ஒரு செயல் முடிந்ததை அறிவித்து அடைப்புக்குறியை மூடிவிடுகின்றன. கணினியியலில் பின்னொட்டுக் குறிமுறை என்று ஒன்று உண்டு. எண்களை முன்னும் செயலியைப் பின்னும் வைத்தால் அடைப்புக்குறியே தேவைப்படாது என்பது அதன் சிறப்பு. தமிழ் வாக்கியம் இயல்பாகவே அந்த வரிசையில் நடக்கிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. பின்னொட்டு வரிசையில் உள்ளிருப்பது முதலில் வரும், முழு வடிவம் கடைசியில்தான் தெரியும். ராமனின் ஆய்வு வலியுறுத்திய மேலோட்டப் பார்வை இதில் கிடைக்காது. ஆகவே தமிழுக்கான கணிதக் குரல் இரண்டையும் இணைக்க வேண்டும் என்பது என் கருத்து. முதலில் ஒரு சொல்லில் உச்சிக் கணு: “ஒரு பின்னம்” என்றோ “ஒரு வர்க்கமூலம்” என்றோ. பிறகு உள்ளிருந்து வெளியே வரும் வினையெச்சத் தொடர். மடிப்புகள் ஆழமானால் சுருதி மாற்றம். எந்த மடிப்பிலும் நிறுத்தித் திரும்பக் கேட்கும் வசதி. இந்த விதிகளை எழுதக் கணினியியலாளர் மட்டும் போதாது. தமிழிலக்கணம் அறிந்தவரும், கணித ஆசிரியரும், எல்லாருக்கும் முன்னால் பார்வையற்ற மாணவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். நெமெத்தும் ராமனும் தங்களுக்குத் தேவைப்பட்டதைத் தாங்களே வடித்தார்கள் என்பதால்தான் அவர்களுடைய படைப்புகள் நிலைத்தன.

அன்று மாலை உள்ளங்கையில் நான் இழுத்த கோட்டை நண்பர் புரிந்துகொண்டார், அவருடைய கூர்மையால். இன்று அதே சூத்திரத்தை வாசிக்கச் சொன்னால் இப்படி வாசிப்பேன்: “ஒரு பின்னம். பி வர்க்கத்திலிருந்து நான்கு ஏசியைக் கழித்து, வந்ததற்கு வர்க்கமூலம் எடுத்து, அதை மைனஸ் பி-யுடன் ஒருமுறை கூட்டி, மைனஸ் பி-யிலிருந்து ஒருமுறை கழித்து, வந்த இரண்டையும் இரண்டு ஏ-யால் வகு.” இப்படிக் கேட்டிருந்தால் அவருடைய எழுத்தாணி நின்றிருக்காது.